மருதமலை அக்கா

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்களாக மனசுக்குள்ளேயே இழுத்துக்கொண்டு கிடந்தேன். ‘மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு’ என்று ஆரம்பித்து, நாலு வரி எழுதி, அப்படியே கசக்கி அடுப்பில் போட்டதும் உண்டு. எழுதினால் யாராவது எங்களைக் கண்டுபிடித்துவிடுவார்களோ என்ற பயம் ஒரு பக்கம். எழுதாமல் இருந்தால் அந்தப் புண்ணியவதிக்கு நன்றி கெட்டவளாகிவிடுவேனோ என்ற உறுத்தல் இன்னொரு பக்கம். போன வாரம் என் வீட்டுக்காரரே, “ஊரு பேரு போடாம எழுது. எங்கியோ ஒருத்தருக்கு ஆவும்” என்று சொல்லிவிட்டார். அதனால்தான் துணிந்து உட்கார்ந்தேன். நான் எட்டாவது வரை படித்தவள். தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் அன்னூர் பக்கத்தில், ஊர் பேர் வேண்டாம், ஒரு தோட்டத்தில் குடியிருக்கிறோம். கொஞ்சம் வாழை, கொஞ்சம் சோளம், இரண்டு கறவை மாடுகள். எங்களுக்கு ஒரே மகள். சில வருடங்களுக்கு முன், ஒரு மழைக்காலத்தில் என் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் வந்தது. விட்டது, மறுபடி வந்தது. ஆள் பாதியாக இளைத்துவிட்டார். பல டாக்டர்களைப் பார்த்த பிறகு, கோயமுத்தூரில் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து எச்.ஐ.வி. என்று சொன்னார்கள். எனக்கும் மகளுக்கும் பார்த்தார்கள். எங்களுக்கு இல்லை.

அவருக்கு எப்படி வந்தது என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். அவர் சொன்னார், அழுதார். நானும் அழுதேன். அது எங்கள் இருவரோடு இருக்கட்டும்.

அந்த ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பதற்கு முன் ஒரு அம்மாவிடம் அனுப்பினார்கள். ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் என்றார்கள். என்னைவிட வயதில் சின்னவர். கழுத்தில் மெல்லிய செயினும் அதில் குட்டியாக ஒரு சிலுவையும் இருந்தன. எப்படி வந்தது, யாரிடமிருந்து வந்தது என்றெல்லாம் குடைவார் என்று பயந்துகொண்டே உட்கார்ந்தேன். அவரோ என்னைப் பார்த்து, “அக்கா, உங்க ஊட்ல ஒரு நாள் கூடத் தவறாம நடக்கற காரியம் ஒண்ணு சொல்லுங்க” என்றார்.

“மாடு கறக்கறதுங்க.”

“மாடு வத்திப்போச்சுன்னா?”

அத்தனை நாள் கழித்து அன்றைக்குத்தான் என் வீட்டுக்காரர் முகத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது. நான் யோசித்து, “விளக்கு வெக்கறதுங்க. பொழுது உழுந்தா வெச்சே ஆவோணும்” என்றேன்.

“நீங்க தூரமா இருக்கற நாள்ல?”

“இவிய வெப்பாங்க” என்று வீட்டுக்காரரைக் காட்டினேன்.

“ஒறம்பரை, சொந்தம்னு ஆரு ஊட்டுக்காச்சும் போயிட்டா?”

“அங்கயும் விளக்கு எரியுமுங்களே.”

“அப்ப மாத்திரையை விளக்கோட முடி போட்டுக்கலாம். விளக்கு வெச்சதும் மாத்திரை. விளக்கு இல்லாத நாளு இல்ல, மாத்திரை இல்லாத நாளும் இல்ல.”

இப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் ஒரே ஒரு மாத்திரை. கூட்டு மருந்து என்று சொல்வார்கள். பூஜை அலமாரியில் திருநீற்றுச் சம்புடத்துக்குப் பின்னால் அந்த டப்பாவை வைத்தேன். வேறு யாரும் கை வைக்காத இடம் அது ஒன்றுதான்.

மாதம் ஒரு முறை மருந்து வாங்கப் போக வேண்டும். பக்கத்துத் தோட்டத்தில் கேட்பார்களே! கேட்டால் மருதமலைக்குப் போகிறோம் என்று சொல்லிவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு முருகன் பெயரில் பொய் சொல்ல மனம் வரவில்லை. ஆகவே ஆஸ்பத்திரியில் மருந்தை வாங்கிக்கொண்டு, அப்படியே மருதமலை பஸ் ஏறி, மலைக்கும் போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் வீடு திரும்புவோம். ஊருக்குச் சொன்னது பொய்யாகாது. ஊரில் எங்களுக்கு எவ்வளவு நல்ல பேர் தெரியுமா! “உங்களையாட்டப் பக்தி ஆருக்குங்க வரும், மாசந் தவறாம மலையேறறீங்களே” என்று திருநீறு கேட்டு வாங்கிப் போவார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு கொடுப்பேன்.

இதை அந்தக் கவுன்சிலரிடம் சொன்னபோது அவர் வாய்விட்டுச் சிரித்தார். “நல்லதாப் போச்சுங்கக்கா. நான் போன் பண்ணா ஆஸ்பத்திரின்னே சொல்லமாட்டேன். ‘ஏனுங்க, மருதமலைக்கு வல்லீங்களா’ன்னு கேப்பேன். ஆரு எடுத்தாலும் பயமில்ல” என்றார். ஒரு தடவை மகள் போனை எடுத்துவிட்டு, “அம்மா, யாரோ மருதமலை அக்காவாம்” என்று கொண்டுவந்து கொடுத்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்கு அதுதான் பெயர். சிலுவை போட்ட மருதமலை அக்கா.

மாத்திரை உடம்புக்குப் பிடித்தது. காய்ச்சல் போனது, சதை போட்டது. பழையபடி அவரே வாழைக்குத் தண்ணீர் கட்டினார். ஒரு வருடம் கழித்து ரத்தத்தில் எத்தனை கிருமி இருக்கிறது என்று ஒரு டெஸ்ட் எடுத்தார்கள். கிருமி தென்படவில்லை என்று ரிசல்ட் வந்தது. மருதமலை அக்கா கைதட்டாத குறைதான். “நெம்ப சந்தோசமுங்கண்ணா. இதே மாதிரியே விடாமப் போங்க” என்றார். கிருமி இல்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை, மருந்துக்கு அடங்கிக் கிடக்கிறது என்றுதான் அர்த்தம் என்றும் சொன்னார். சொல்லாமல் விடவில்லை. எங்கள் காதில் முதல் பாதிதான் ஏறியது.

அந்தச் சமயத்தில்தான் பால் சொசைட்டியில் ஒருவர் ஒரு கதை சொல்லியிருக்கிறார். எங்கேயோ ஒருவருக்கு டாக்டர்கள் கைவிட்ட வியாதியாம். எல்லா மருந்தையும் தூக்கி எறிந்துவிட்டு, கோவில் தீர்த்தத்தை மட்டும் குடித்துவந்தாராம். அடியோடு குணமாகிவிட்டதாம். எங்கள் விஷயம் தெரிந்து சொன்னவர் இல்லை அவர். பால் ஊற்ற நின்ற இடத்தில் பேச்சோடு பேச்சாகச் சொன்னது. என் வீட்டுக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார்.

எங்கள் பக்கத்தில் எந்தக் காரியத்துக்கும் சாமியிடம் பூ கேட்பது வழக்கம். வெள்ளை அரளியை ஒரு பொட்டலத்திலும் சிவப்பு அரளியை ஒரு பொட்டலத்திலும் மடித்து அம்மன் முன்னால் வைப்பார்கள். மனதில் நினைத்துக் கும்பிட்டதும் பூசாரி ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுப்பார். நாம் கேட்ட பூ வந்தால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். கிணறு வெட்ட இடம் பார்ப்பதிலிருந்து கல்யாணம் வரை பூ கேட்காமல் எதுவும் நடக்காது. எனக்கும் இவருக்கும் கல்யாணம் நடந்ததே பூ கேட்டுத்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் எங்கள் ஊர் மாரியம்மன் கோவிலிலிருந்து வந்தார். நடையே வேறு மாதிரி இருந்தது. உள்ளங்கையைத் திறந்து காட்டினார். வெள்ளை அரளி.

“எனக்கு நல்லாயிருச்சுன்னா வெள்ளை குடு ஆத்தான்னு கேட்டேன். குடுத்துட்டா. இனி மாத்திரை வேண்டாம்.”

நான் உங்களிடம் எதையும் மறைக்க மாட்டேன். அந்தப் பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நானும்தான் சந்தோஷப்பட்டேன். அன்றைக்குப் பச்சரிசிப் பாயசம் வைத்தேன். மகள் என்ன விசேஷம் என்று கேட்டாள். “அப்பா கேட்ட பூ வந்துச்சு கண்ணு” என்றேன். மாத்திரை டப்பாவை அவர் அலமாரியிலிருந்து எடுத்து, மேலே அட்டாலியில் பழைய பாத்திரங்களோடு போட்டுவிட்டார்.

மறுநாள் விளக்கு வைத்துவிட்டுப் பழக்கத்தில் தண்ணீர்ச் சொம்பை எடுத்துப்போய் அவர் முன்னால் வைத்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் சொம்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனேன். இது சரிதானா என்று அப்போதுதான் முதல் தடவையாக நினைத்தேன். அதற்குப் பிறகு தினமும் விளக்கு வைக்கும்போது அந்த நினைப்பு வந்து நிற்கும். வாயைத் திறந்து சொல்லவும் பயம். அம்மன் கொடுத்த வாக்கைச் சந்தேகப்பட்டால் குற்றமாகிவிடாதா? அவருக்கோ ஒரு தலைவலி கூட வரவில்லை. “பாத்தயா, நல்லாத்தான இருக்கறேன்” என்பார். நன்றாகத்தான் இருந்தார். அதுதான் என்னைக் கட்டிப்போட்டது.

மருந்து வாங்கும் நாள் வந்தது, போனது. பக்கத்துத் தோட்டத்து அம்மா, “ஏனுங்க, இந்த மாசம் மலைக்குப் போகலீங்களா? திருநீறு தீந்துபோச்சுங்க” என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது.

சில நாளில் போன் வந்தது.

“ஏனுங்கக்கா, மருதமலைக்கு வரலையாட்ட இருக்குதுங்க?”

போனை எடுத்துக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். பூ வந்ததைச் சொன்னேன். பாயசம் வைத்ததையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

“அக்கா, பயப்படுத்தறேன்னு நெனைக்காதீங்க. மருந்தை விட்டா அது மறுக்காத் தலைதூக்கிரும். மொதல்ல வெளிய ஒண்ணுமே தெரியாது. விட்டு விட்டுச் சாப்பிட்டா இந்த மருந்தே அதுக்கு ஏறாமப் போயிரும். இன்னொண்ணு, இத்தன நாளும் உங்களுக்கு வராமக் காவல் நின்னதும் அந்த மாத்திரைதானுங்க.”

“நான் சொன்னா அவிய கேக்கமாட்டாங்களே. ஆஸ்பத்திரிக்கும் வரமாட்டேங்கறாங்க.”

“மருதமலைக்கு வருவாரா?”

“வருவாருங்க.”

“அப்ப ஞாயித்துக்கிழமை நானே மருதமலைக்கு வாரேன். சர்ச் முடிஞ்சதும் வண்டியை எடுத்துட்டு அப்படியே வந்தர்றேன். ஆனா அண்ணன்கிட்ட நான் வாரதைச் சொல்லியே கூட்டியாங்க. ஏமாத்திக் கூட்டியாராதீங்க.”

நான் வீட்டுக்காரரிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் முகம் இறுகியது. “வரட்டும். ஆத்தா சொன்னதுக்கு மேல அந்த அம்மணி என்ன சொல்லிப்போடப் போகுது” என்றார். வரமாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மலைமேல் கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கி, அடிவாரத்தில் ஒரு மரத்தடிக் கல்லில் உட்கார்ந்திருந்தோம். மருதமலை அக்கா பட்டுச் சேலையில், ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே வந்தார். சண்டைக்குத் தயாராக இருந்த என் வீட்டுக்காரர், அவரைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து தோளில் கிடந்த துண்டால் கல்லைத் தட்டிவிட்டு, “வாங்க அம்மணி, வெயில்ல வந்திருக்கறீங்க. டீ சொல்லட்டுங்களா?” என்றார். எங்கள் ஆட்களுக்குக் கோபம் எவ்வளவு இருந்தாலும் முதலில் இந்த வார்த்தைதான் வாயில் வரும்.

“சொல்லுங்கண்ணா. சர்க்கரை இல்லாம.”

டீ வந்தது. குடித்துக்கொண்டே அக்கா கேட்டார்: “பூ கேட்டீங்களாம்ல. நல்ல பூவாட்ட வந்துச்சாம்.”

“ஆமாங்க. வெள்ளையே வந்துச்சு.”

“என்னன்னு கேட்டீங்கண்ணா?”

“எனக்கு நல்லாயிருச்சுங்களான்னு.”

“அம்மன் சரியாத்தான் சொல்லியிருக்கா. நாங்களும் அதைத்தான சொன்னோம்? மாத்திரை சாப்ட்டு நல்லாயிருச்சு.”

என் வீட்டுக்காரர் டீயை ஊதிக்கொண்டே இருந்தார். அக்கா விடவில்லை. “உங்க காட்டுல கோரை இருக்குதுங்களாண்ணா?”

கோரை என்று சொன்னால் விவசாயிக்குப் பேச்சு தானாக வரும். “அதை ஏனுங்க கேக்கறீங்க! ஒழிக்கவே முடியறதில்ல. களை வெட்டுனா மேல சுத்தமா ஒண்ணுமே தெரியாதுங்க. அல்லாம் போயிருச்சுன்னு நெனச்சு சித்த விட்டமுன்னா, அடியில கெழங்கு கெடக்குதில்லீங்க...” என்று சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார்.

அக்கா தன் டீயைக் குடித்து முடித்தார்.

பிறகு என் வீட்டுக்காரர் கொஞ்சம் கடுப்பாகவே சொன்னார். “இருந்தாலும் அம்மணி, உங்களுக்கு எங்க சாமி வழக்கமெல்லாம் புரியாதுங்க. சாமி வாக்குன்னா வாக்குதான்.”

“எங்களுக்கும் உண்டுங்கண்ணா. வருசப் பொறப்புக்கு சர்ச்சுல பைபிள் வசனம் எழுதுன அட்டை ஒண்ணு எடுப்போம். அந்த வருசம் பூராவும் அதுதான் எங்களுக்கு வாக்கு. இந்த வருசம் எனக்கு உடம்பு சொகமாகும்னு வந்துச்சு. கண்ணுல தண்ணியே வந்துருச்சுங்க. ஏன்னா எனக்குச் சக்கரை. தெனமும் மாத்திரை.”

“அப்பறம்?”

“அப்பறம் என்ன, அட்டையைப் பைபிளுக்குள்ள வெச்சுட்டு மாத்திரையைப் போட்டுக்கிட்டேன். கர்த்தர் வாக்குக் குடுத்தாரு. மாத்திரையைத் தூக்கிப் போடுன்னு சொல்லலையே.”

அவர் சிரித்துவிட்டார். சிரித்ததை மறைக்க வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

“அண்ணா, எதுக்கெல்லாம் பூ கேப்பீங்க?”

“கெணறு வெட்ட. மாடு வாங்க. பொண்ணு எடுக்க. இவளைக் கட்டுனதும் பூ கேட்டுத்தானுங்க.”

“அதெல்லாம் நமக்குத் தெரியாத காரியம். அதனால சாமியைக் கேக்கறோம். பசிக்குது, சோறு திங்கட்டுமா வேண்டாமான்னு பூ கேட்டிருக்கறீங்களா?”

“அதுக்கு ஆராச்சும் கேப்பாங்களா!”

“கெணத்துல தண்ணி கெடக்குது, வாழை வாடுது, பாய்ச்சட்டுமான்னு?”

“கேட்டா ஆத்தாளே சிரிப்பாளுங்க.”

“இந்த மாத்திரையும் அந்த வரிசைதானுங்கண்ணா. தெரிஞ்ச காரியம். இதைப் போய் அவகிட்டக் கேட்டு எதுக்கு அவளைச் சங்கடப்படுத்தோணும்?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தபடியே, சொசைட்டியில் கேட்ட கதையைச் சொன்னார். “சொன்னவரு பொய் சொல்ற ஆளு இல்லீங்க அம்மணி.”

“பொய்யின்னு நான் சொல்லலீங்கண்ணா. ஒரு வாயிலிருந்து இன்னொரு வாய்க்கு வாரப்ப எத்தன உதுந்து போச்சோ, ஆருக்குத் தெரியும்? அவரு அதுக்கு மின்ன எத்தன நாளு மருந்து சாப்ட்டாரோ. அப்பறமேலு என்ன ஆனாரோ. நம்ம காதுக்கு வந்தது நடுத்துண்டு மட்டும்.”

சரியாக அந்த நேரத்தில் மேலேயிருந்து ஒரு குரங்கு குதித்து, என் மடியிலிருந்த அர்ச்சனைப் பையில் கையை விட்டு, பழச் சீப்போடு மரத்தில் ஏறிவிட்டது. நான் போட்ட கூச்சலில் கடைக்காரர் ஓடி வந்துவிட்டார். அக்கா மரத்தைப் பார்த்துக்கொண்டே, “பாத்தீங்களாண்ணா, அதுக்குப் பசின்னு தெரிஞ்சுது. பூவெல்லாம் கேக்கவே இல்ல” என்றார். என் வீட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. எனக்கு மட்டும் அழுகை வந்தது.

எழுந்து புறப்படும்போது அவர் சொன்னார்: “நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வாரேனுங்க. ஆனா அதுக்கு மின்ன ஒருக்கா ஆத்தாகிட்டப் போகோணும்.”

அக்கா என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே பயம். மறுபடியும் பூ கேட்கப் போகிறாரோ? கேட்டு, மாத்திரை வேண்டாம் என்றே மறுபடி வந்துவிட்டால்? அக்கா வாய் திறக்க நினைத்து, பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டது எனக்குத் தெரிந்தது. “சரிங்கண்ணா, நாளைக்குக் காத்துட்டிருப்பேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

ஊர் வந்து பஸ்ஸை விட்டு இறங்கியதும் என் வீட்டுக்காரர் நேராக மாரியம்மன் கோவிலுக்கு நடந்தார். நான் பின்னால் போனேன். நான் அந்த அம்மனிடம் எவ்வளவோ வேண்டியிருக்கிறேன். பிள்ளை வரம் வேண்டியிருக்கிறேன். மழை வேண்டியிருக்கிறேன். ஆனால் ‘அவர் உன்னை ஒன்றும் கேட்காமல் இருக்க வேண்டும்’ என்று வேண்டிக்கொண்டது அன்றைக்கு மட்டும்தான்.

பூசாரிக்கு அவரைப் பார்த்ததும் பழக்கதோஷம். “வாங்க மாப்ள. பூ வெக்கட்டுங்களா?” என்று கேட்டுக்கொண்டே அரளிக் கூடையை இழுத்தார்.

என் வீட்டுக்காரர் அம்மனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வேண்டாமுங்க” என்றார். “கேக்க வரலீங்க. ஒரு வார்த்தை சொல்லிப்போட்டுப் போகலாம்னுதான் வந்தேன்.”

கண்ணை மூடிக் கும்பிட்டார். என்ன சொன்னார் என்று இன்று வரை நான் கேட்டதில்லை. திருநீறு இட்டுக்கொண்டு வெளியே வந்ததும், “வா, பொழுது உழுந்துருச்சு. விளக்கு வெக்கோணும்” என்றார்.

மறுநாள் போனோம். டாக்டர் கொஞ்சம் கண்டித்தார். மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். நடுவில் விட்டதால் இதே மருந்து வேலை செய்கிறதா என்று சில மாதம் கழித்துத்தான் தெரியும் என்றார்கள். அந்த மாதங்களை நான் எப்படித் தள்ளினேன் என்று எனக்கும் அந்த விளக்குக்கும்தான் தெரியும். அவர் ஒரு நாளும் தவறவில்லை. மகள் வயதுக்கு வந்ததற்குச் சீர் வைத்த அன்று வீடு நிறைய ஒறம்பரைகள். பந்தியில் ஓடியாடிக்கொண்டிருந்தவர், விளக்கு வைத்ததும் யாரும் பார்க்காமல் பூஜை அலமாரிப் பக்கம் வந்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, மறுபடியும் ரசவாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

ரிசல்ட் அன்று அக்கா எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. அறை வாசலிலேயே, “பழையபடி அடங்கிருச்சுங்கண்ணா!” என்றார். அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அக்கா பதறிப்போய், “எனக்கெதுக்குங்கண்ணா? போயி உங்க முருகனைக் கும்பிடுங்க. மலை பஸ்சு போயிரும்” என்று விரட்டினார்.

பிறகு அக்காவுக்கு வேறு மாவட்டத்துக்கு மாற்றலாகிவிட்டது. கடைசியாகப் பார்த்தபோது எங்கள் மாட்டு நெய் ஒரு பாட்டில் கொடுத்தேன். வாங்கவே மாட்டேன் என்றார். “அம்மணி, நெய்யில சக்கரை இல்லீங்க” என்று இவர் சொன்ன பிறகுதான் வாங்கிக்கொண்டார். புதிதாக யார் வருவார்களோ, நம் விஷயத்தை எப்படி நடத்துவார்களோ என்று கவலையாக இருந்தது. ஒரு நாள் மகள் சிரித்துக்கொண்டே போனைக் கொண்டுவந்து நீட்டினாள். “அம்மா, இப்ப மருதமலை அண்ணன்!” அந்தப் பக்கம் ஒரு பையனின் குரல், கூச்சத்தோடு: “ஏனுங்கம்மா, மருதமலைக்கு எப்ப வாரீங்கன்னு கேக்கச் சொல்லிட்டுப் போயிருக்காங்க...”

மகளுக்கு இப்போது எல்லாம் தெரியும். நாங்களே உட்கார வைத்துச் சொல்லிவிட்டோம். கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, எழுந்து போய் அப்பாவுக்குச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். அவர் இன்றைக்கும் வாழைக்குத் தண்ணீர் கட்டுகிறார், பால் ஊற்றப் போகிறார், கோவில் நோம்பித் திருவிழாவில் தீர்த்தக் குடம் எடுக்கிறார். எனக்கு இதுவரை ரத்தம் பார்த்ததில் கிருமி இல்லை என்றுதான் வருகிறது. பக்கத்துத் தோட்டத்து அம்மாவுக்குத் திருநீறும் தவறாமல் கிடைக்கிறது.

இதைப் படிப்பவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்குத் தெரிந்து மாத்திரையை நிறுத்திவிட்ட யாராவது இருந்தால் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது இருக்கிறபடியே முழுசாகச் சொல்லுங்கள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். வெள்ளைப் பூ வந்ததோடு நிறுத்திவிட்டால் அது ஓர் உயிரை வாங்கும். மாத்திரையை மட்டும் சொல்லிவிட்டு எங்கள் ஆத்தாளை விட்டுவிட்டால் அதுவும் நடந்தது ஆகாது. கோவிலில் அவர் பூ வேண்டாம் என்று சொன்னதையும், அதற்கு மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனதையும் சேர்த்தே சொல்லுங்கள். பால் சொசைட்டியில் கேட்ட ஒரு நடுத்துண்டுக் கதை என் தாலியை எடுத்துக்கொண்டு போகப் பார்த்தது. சர்ச்சுக்குப் போன சேலையோடு மருதமலைக்கு வந்த ஒரு பெண் அதை எனக்குத் திருப்பிக் கொடுத்தார் என்ற நினைப்பு, இன்றும் விளக்கை ஏற்றிவிட்டுத் தண்ணீர்ச் சொம்பைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வருகிறது.